உங்கள் டாஷ்போர்டின் கதவை வெளியே நின்று தட்டிப் பாருங்கள்

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் என் சித்தப்பாவுக்கு ஒரு மொத்த வியாபாரக் கடை இருக்கிறது. பருப்பு, மல்லி, செத்தல் மிளகாய், பெரிய வெங்காயம். எந்தச் சாமான் எத்தனை மூட்டை இருக்கிறது, எந்தக் கடைக்காரர் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் ஒரே திரையில் தெரிய வேண்டும் என்று கேட்டார். சிங்கப்பூரில் மாத வாடகைக்கு ஒரு சிறிய சேர்வர் எடுத்து, டொக்கரில் (செயலிகளைக் கொண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) கிரஃபானா என்ற டாஷ்போர்ட் செயலியை ஏற்றி, கடைச் சுவரில் ஒரு டீவியையும் மாட்டிக் கொடுத்தேன். முகவரிக்கு முன்னால் பூட்டுச் சின்னம் இருந்தது. உள்ளே போவதற்கு முன், வாசலில் நின்று வருகிறவர்களைப் பின்னால் இருக்கும் செயலிக்கு அனுப்பும் என்ஜின் எக்ஸ் என்ற மென்பொருள் ஒரு பெட்டியைக் காட்டிப் பாஸ்வேர்ட் கேட்டது. "தம்பி, இதை வேற ஒருத்தரும் பாக்கேலாதுதானே?" என்றார் சித்தப்பா. பார்க்க முடியாது என்று சொன்னேன்.

நான்கு மாதம் கழித்து, வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகும் ரயிலில் இருந்தபடி, சேர்வரின் எண் முகவரியையும் அதன் பின்னால் 3000 என்ற போர்ட்டையும் (சேர்வரில் ஒரு செயலிக்குரிய கதவு எண்) போனில் அடித்துப் பார்த்தேன். எந்தக் கேள்வியும் கேட்காமல் முழுப் பாக்கிப் பட்டியலும் திறந்தது. புறக்கோட்டை வியாபாரம் நம்பிக்கையில் கொடுத்து வாங்குவது. யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது வெளியே தெரிந்தால் ஒரு மனிதரின் பெயர் தெருவில் கெட்டுவிடும். அன்று எனக்குக் கை நடுங்கியது.

நடந்தது இதுதான். முன்னால் என்ஜின் எக்ஸ் பாஸ்வேர்ட் கேட்கிறதே, உள்ளே கிரஃபானாவும் இன்னொரு முறை கேட்டால் டீவிக்குத் தொல்லை என்று, கிரஃபானாவில் பெயர் இல்லாமல் நுழையும் 'அனானிமஸ்' வசதியைத் திறந்துவிட்டேன். கிரஃபானா என்ஜின் எக்ஸை நம்பியது. ஆனால் 3000ஆம் போர்ட்டுக்கு என்ஜின் எக்ஸைத் தாண்டாமலே நேரடியாகப் போகலாம் என்பதை நான் கவனிக்கவில்லை. டாஷ்போர்டுகள் திறந்து கிடப்பதற்குப் பெரும்பாலும் இப்படி ஒரு காரணம்தான் இருக்கும். யாரும் பூட்டை உடைப்பதில்லை. ஒரு பகுதி 'மற்றது பார்த்துக்கொள்ளும்' என்று இருந்துவிடுகிறது. முதன்முறையாக ஒரு டாஷ்போர்டைச் சொந்தச் சேர்வரில் நிறுவுகிறவர்களுக்காக, நான் இப்போது செய்கிற ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்று. கீழே சொல்லும் சோதனைகளை உங்கள் சொந்தச் சேர்வரிலோ, உரியவர் அனுமதி தந்த சேர்வரிலோ மட்டும் செய்யுங்கள். அடுத்தவருடைய கணினிக்குள் அனுமதியின்றி நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். கதவு திறந்துதானே கிடந்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

முதல் வேலை: என்னென்ன கதவுகள் இருக்கின்றன என்று எழுதுங்கள்

ஒரு கொப்பியை எடுங்கள். சேர்வரில் ஓடும் ஒவ்வொரு செயலியையும் அதன் போர்ட் எண்ணையும் எழுதுங்கள். வழக்கமான எண்கள் இவை: கிரஃபானா 3000, புரொமீதியஸ் 9090, கிபானா 5601, எலாஸ்டிக்சேர்ச் 9200, ஜென்கின்ஸ் 8080, போர்ட்டெய்னர் 9443, ஹோம் அசிஸ்டன்ட் 8123. தேடி அலைகிற தானியங்கி நிரல்களுக்கும் இந்த எண்கள் மனப்பாடம். இணையத்தில் திறந்திருக்கும் போர்ட்டுகளைப் பட்டியலிடும் ஷோடன் என்ற தேடுபொறி 2009 முதல் இருக்கிறது. என் சேர்வரை யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

அடுத்ததாக, சேர்வரில் எந்தச் செயலி எந்த முகவரியில் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். லினக்ஸில் 'எஸ்எஸ்' என்ற கட்டளை இதைக் காட்டும். போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 என்று இருந்தால், அந்தச் சேர்வருக்குள் இருப்பவர் மட்டுமே பேசலாம். 0.0.0.0 என்று இருந்தால், வந்து சேரக்கூடிய எவரும் பேசலாம். [::] என்று முக்காற்புள்ளி இரண்டு தடவை வந்தாலும் அப்படித்தான், அது புதிய ஐபிவி6 முகவரிகளுக்கான குறி. பழைய ஐபிவி4 முகவரிகளுக்கு மட்டும் ஃபயர்வோல் (வேண்டாத போர்ட்டுகளை அடைக்கும் காவல்) போட்டுவிட்டு ஐபிவி6ஐ மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. வாடகைச் சேர்வர்கள் பலவற்றில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

இந்தப் பட்டியலில், கிரஃபானா காட்டும் அளவீடுகளைச் சேகரித்துவைக்கும் புரொமீதியஸைத் தனியாக வட்டமிடுங்கள். நிறுவியவுடன் அது யாரிடமும் பாஸ்வேர்ட் கேட்காது. கிரஃபானாவைக் கவனமாகப் பூட்டிவிட்டு, அதே தகவலைத் தரும் புரொமீதியஸைப் பக்கத்திலேயே திறந்து வைத்திருக்கும் சேர்வர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது: வெளியாளாக மாறித் தட்டுங்கள்

இதுதான் முக்கியம், ஆறுதலாகச் செய்யுங்கள். போனில் வைஃபையை நிறுத்தி, மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். வீட்டு வைஃபையிலிருந்தோ கடை வைஃபையிலிருந்தோ பார்த்தால் சில சமயம் நீங்கள் உள்ளாளாகவே கணக்கில் வருவீர்கள். பிரௌசரில் தனிப்பட்ட ஜன்னலைத் திறவுங்கள், பழைய லொகின் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

இப்போது மூன்று விதமாகத் தட்டுங்கள். டொமைன் பெயரால் ஒரு முறை, சேர்வரின் எண் முகவரியால் ஒரு முறை, எண் முகவரியோடு கொப்பியில் எழுதிய ஒவ்வொரு போர்ட்டையும் சேர்த்து ஒரு முறை. மூன்றாவதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். நானும் அதைத்தான் விட்டிருந்தேன்.

லொகின் பக்கம் வந்துவிட்டால் நிம்மதியாகிவிடாதீர்கள். இன்றைய டாஷ்போர்டுகளில் நாம் காணும் பக்கம் ஒரு சட்டகம். தகவல் அதற்குப் பின்னால் ஏபிஐ என்ற தனி வழியால் வருகிறது. லொகின் பக்கத்தைப் பிரௌசரிலேயே காட்டி, ஏபிஐயில் எதையும் சோதிக்காத செயலிகள் இருக்கின்றன. திரையில் பூட்டு தொங்கும், பின்வாசல் திறந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கணினியில் முறையாக லொகின் செய்து, எஃப்12 அழுத்தி, 'நெட்வேர்க்' என்ற பகுதிக்குப் போங்கள். பக்கத்தைப் புதுப்பித்தால் வரிசையாக முகவரிகள் ஓடும். அவற்றில் உண்மையான தகவலைக் கொண்டுவரும் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். ஒரு வாடிக்கையாளரின் பெயரோ ஒரு தொகையோ உள்ளே தெரியும். அந்த முகவரியைப் பிரதி எடுத்து, லொகின் இல்லாத தனிப்பட்ட ஜன்னலில் திறவுங்கள். 401 என்று பதில் வந்தால் 'நீ யார் என்று தெரியாது' என்று பொருள். 403 என்றால் 'உனக்கு அனுமதி இல்லை'. லொகின் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பினாலும் சரி. 200 என்று வந்து அதே பெயரும் தொகையும் தெரிந்தால், மேலே படிப்பதை நிறுத்திவிட்டு அந்தச் சேவையை உடனே நிறுத்துங்கள்.

சில கோரிக்கைகள் வெறும் முகவரியால் போவதில்லை, உடன் சில தரவுகளையும் அனுப்புகின்றன. அவற்றை இப்படித் திறந்து பார்க்க முடியாது. அதே நெட்வேர்க் பகுதியில் கோரிக்கையை 'கேர்ல்' கட்டளையாகப் பிரதி எடுக்கும் வசதி இருக்கிறது. அதிலிருந்து குக்கீ வரியையும், லொகின் அடையாளம் வேறு ஏதும் இருந்தால் அதையும் அழித்துவிட்டு ஓட்டுங்கள்.

என்ஜின் எக்ஸில் பாஸ்வேர்ட் போடுகிறவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். முகப்புப் பாதைக்குள் பூட்டை எழுதிவிட்டு, ஏபிஐ பாதைக்குத் தனியாக ஒரு பகுதி எழுதினால், முதல் பகுதியின் பூட்டு இரண்டாவதற்குச் சேராது. பூட்டை மேலே, முழுத் தளத்துக்கும் பொதுவான இடத்தில் எழுதுங்கள். கட்டாயம் திறந்திருக்க வேண்டிய பாதை ஏதும் இருந்தால் அதை மட்டும் விலக்குங்கள்.

டொக்கரும் ஃபயர்வோலும்

என் கதையில் இருந்த ஓட்டை இது. சேர்வரில் யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வோலைப் போட்டு, 80, 443, 22 தவிர எல்லாவற்றையும் மூடியிருந்தேன். நிலையைக் கேட்டால் மூடியிருக்கிறது என்றே அதுவும் சொன்னது. ஆனால் டொக்கரில் போர்ட்டைத் திறக்க 3000:3000 என்று எழுதினால், டொக்கர் தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது. வரும் போக்குவரத்து யூஎஃப்டபிள்யூவின் விதிகளைத் தொடாமலே கொண்டெய்னருக்குள் போய்விடும். இது டொக்கரின் சொந்த ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. படிக்காமல் விட்டது என் தவறு.

தீர்வு ஒரு வரி. 3000:3000 என்று இருப்பதை 127.0.0.1:3000:3000 என்று மாற்றுங்கள். என்ஜின் எக்ஸ் அதே சேர்வரில் நேரடியாக ஓடினால் அதற்கு இது போதும், வெளியாளுக்குக் கதவே தெரியாது. என்ஜின் எக்ஸும் ஒரு கொண்டெய்னராக இருந்தால், இரண்டையும் ஒரே டொக்கர் நெட்வேர்க்கில் போட்டுவிட்டு, கிரஃபானாவுக்குப் போர்ட் வரியையே எடுத்துவிடலாம். சேர்வரை வாடகைக்குத் தருகிறவர்கள் தங்கள் பக்கத்தில் தரும் ஃபயர்வோலையும் பயன்படுத்துங்கள். அது சேர்வருக்கு வெளியே நிற்பதால் டொக்கர் அதைத் தாண்ட முடியாது.

பாஸ்வேர்ட் பற்றி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரஃபானா வரும்போது பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். முதல் முறை உள்ளே போனதும் மாற்றச் சொல்லும், ஆனால் தவிர்த்துவிட்டுப் போகவும் ஒரு வழி வைத்திருக்கிறது. ஸபிக்ஸ் என்ற கண்காணிப்புச் செயலியில் பெயர் அட்மின், பாஸ்வேர்ட் ஸபிக்ஸ். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டுகள் அறுபது சொச்சத்தை வைத்துக்கொண்டே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது. மாற்றுங்கள், அவ்வளவுதான்.

பலர் அறியாத ஒன்று: சில செயலிகளில் முதலில் வந்து சேர்கிறவரே நிர்வாகி ஆகிவிடுவார். நிறுவி முடித்து, தேநீர் குடித்துவிட்டு வந்து பாஸ்வேர்ட் வைக்கலாம் என்று விட்டால், அந்த இடைவெளியில் வேறொருவர் வைத்துவிடலாம். போர்ட்டெய்னர் இதனால்தான் ஐந்து நிமிடத்துக்குள் நிர்வாகியை உருவாக்காவிட்டால் தன்னை மூடிக்கொள்கிறது. எல்லாச் செயலியும் அப்படிச் செய்வதில்லை. ஆகவே முதலில் 127.0.0.1இல் கட்டிவைத்து, நிர்வாகியை உருவாக்கிய பிறகே வெளியே காட்டுங்கள்.

சுவரில் மாட்டிய டீவிக்காக

அனானிமஸ் வசதியைத் திறப்பவர்களில் பலரும் ஒரு டீவிக்காகவே திறக்கிறார்கள். டீவியில் பாஸ்வேர்ட் அடிப்பது தொல்லைதான். 'பார்வையாளர்' தகுதி மட்டும்தானே கொடுக்கிறோம், எதையும் மாற்ற முடியாதே என்று மனம் சமாதானம் சொல்லும். இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது.

கிரஃபானாவில் பார்வையாளர் ஒருவர், தன் கண்ணுக்குத் தெரியும் வரைபடங்களின் தகவலை மட்டுமே கேட்க முடியும் என்று நாம் நினைக்கிறோம். இயல்பான அமைப்பில் அப்படி இல்லை. கிரஃபானாவில் இணைத்திருக்கும் தரவுத்தளத்திடம் அவர் எந்தக் கேள்வியையும் கேட்கலாம், டாஷ்போர்டில் இல்லாத கேள்வியையும்கூட. சித்தப்பாவின் டீவியில் மூட்டைக் கணக்கு மட்டும் காட்டியிருந்தாலும், அதே தரவுத்தளத்தில் இருக்கும் தொலைபேசி எண்களையும் ஒரு வெளியாள் கேட்டு எடுத்திருக்க முடியும்.

ஆகவே இரண்டு வேலை செய்யுங்கள். டீவிக்கென்று பார்வையாளர் தகுதியோடு ஒரு தனிக் கணக்கை உருவாக்கி, ஒருமுறை லொகின் செய்து விட்டுவிடுங்கள். அனானிமஸ் வசதியை மூடிவிடுங்கள். இரண்டாவது, தரவுத்தளத்தில் கிரஃபானாவுக்கென்றே ஒரு பயனரை உருவாக்குங்கள். அவருக்கு வாசிக்க மட்டும் உரிமை, அதுவும் டாஷ்போர்டுக்குத் தேவையான அட்டவணைகளை மட்டும். தரவுத்தளத்தின் முழு நிர்வாகிப் பெயரைக் கிரஃபானாவிடம் கொடுத்துவைப்பதுதான் நான் அதிகம் காணும் அலட்சியம்.

காவலாளி எழுதிக் கொடுத்த துண்டு

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் கீழே ஒரு காவலாளி இருப்பார். வருகிறவரின் பெயரைக் கேட்டு, கொப்பியில் எழுதி, மேலே போனில் சொல்லுவார். 'கீழே சொல்லியாயிற்று' என்றால் மேல் வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிடுவார். வாகனத் தரிப்பிடத்து லிஃப்டால் ஒருவர் நேரே மேலே வந்து, 'கீழே சொல்லியாயிற்று' என்று தானே சொன்னால்?

புரொக்சி வழி அடையாளம் இப்படித்தான் இயங்குகிறது. முன்னால் நிற்கும் புரொக்சி (என் சேர்வரில் என்ஜின் எக்ஸ்), வந்தவர் யார் என்று சோதித்து, அவருடைய பெயரை ஒரு ஹெடரில், அதாவது கோரிக்கையின் தலைப்பு வரியில், காவலாளி எழுதிக் கொடுக்கும் துண்டுபோல எழுதிப் பின்னால் அனுப்பும். பின்னால் இருக்கும் செயலி அந்தத் துண்டை அப்படியே நம்பும். கிரஃபானாவின் 'ஆத் புரொக்சி' இதற்கு உதாரணம். நேரடிப் போர்ட் திறந்திருந்தால், எவரும் அதே ஹெடரில் 'அட்மின்' என்று தானே எழுதி அனுப்பி நிர்வாகியாகிவிடலாம். இதை அடைக்க, நேரடிப் போர்ட்டை மூட வேண்டும். எந்த முகவரியிலிருந்து வரும் துண்டை நம்பலாம் என்ற பட்டியலைக் கிரஃபானாவில் எழுத வேண்டும். வெளியிலிருந்து அந்தப் பெயரில் வரும் ஹெடரைப் புரொக்சி எப்போதும் அழித்துத் தன்னுடையதை எழுத வேண்டும். மூன்றும் வேண்டும்.

இது சிறியவர்களுக்கு மட்டும் வரும் தவறு என்று நினைக்காதீர்கள். 2025 மார்ச்சில் நெக்ஸ்ட் ஜேஎஸ் என்ற பிரபலமான கட்டமைப்பில் வெளிவந்த ஓட்டையும் இதே இனம். தன் உள் வேலைக்காக வைத்திருந்த ஒரு ஹெடரை வெளியாள் எழுதி அனுப்பினால், இடையில் நடக்க வேண்டிய லொகின் சோதனை முழுவதும் தவிர்க்கப்பட்டது. 15.2.3, 14.2.25 பதிப்புகளில் சரிசெய்தார்கள். லொகின் சோதனையை வாசலில் மட்டும் வைத்திருந்தவர்கள் மாட்டினார்கள். தகவலைக் கொடுக்கும் இடத்திலும் ஒருமுறை கேட்டவர்கள் தப்பினார்கள்.

'வீட்டு நெட்வேர்க்கிலிருந்து வந்தால் பாஸ்வேர்ட் வேண்டாம்' என்ற வசதியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். புரொக்சியைச் சரியாகச் சொல்லிவைக்காவிட்டால், உலகத்தில் எங்கிருந்து வந்தவரும் புரொக்சியின் முகவரியிலிருந்து வந்தவராகவே தெரிவார். புரொக்சி இருப்பதோ உங்கள் வீட்டுக்குள்.

கூகுள் கணக்கால் லொகின் செய்ய விட்டிருந்தால், எந்த டொமைனைச் சேர்ந்தவர்கள் வரலாம் என்று எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். எழுதாவிட்டால் ஜிமெயில் வைத்திருக்கும் எவரும் புதுக் கணக்கோடு உள்ளே வரக்கூடும். கூகுள் லொகினைச் சேர்த்த பிறகும் பழைய அட்மின் லொகின் பெட்டி உயிரோடு இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உண்மையிலேயே வெளியே தெரிய வேண்டுமா?

இதை முதலில் கேட்டிருந்தால் பாதி வேலை மிச்சம். கடையில் ஒரு டீவி, சித்தப்பாவின் போன், என் கணினி: மூன்று கருவிகளுக்காக ஒரு டாஷ்போர்ட் உலகம் முழுவதற்கும் முகம் காட்டத் தேவையில்லை. வயர்கார்ட் அல்லது டெயில்ஸ்கேல் போட்டு, அந்தக் கருவிகளை மட்டும் ஒரு தனி நெட்வேர்க்கில் சேர்த்துவிடுங்கள். உங்களுக்கு மட்டும் என்றால், உங்கள் கணினியிலிருந்து சேர்வருக்குப் பூட்டிய வழியாகப் போகும் எஸ்எஸ்எச் சுரங்கமே போதும்.

யாருக்கும் தெரியாத பெயராக வைத்துக்கொள்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பெயருக்கென்று நீங்கள் பூட்டுச் சின்னத்துக்கான சான்றிதழ் வாங்கினால், அந்தப் பெயர் எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். சான்றிதழ் வெளிப்படைத்தன்மை என்று அதற்குப் பெயர். சில நிமிடங்களிலேயே தட்டுகிற சத்தம் பதிவுகளில் தெரியத் தொடங்கும்.

சரி, எல்லாம் சரியாகப் பூட்டியாயிற்று என்றாலும் பதிப்பைப் புதுப்பிக்காமல் இருக்க முடியாது. 2021 டிசம்பரில் கிரஃபானா 8.0 முதல் 8.3.0 வரையான பதிப்புகளில் ஓர் ஓட்டை தெரியவந்தது. லொகினே செய்யாமல், முகவரியைச் சற்று வளைத்து எழுதி, சேர்வரில் உள்ள கோப்புகளை வாசிக்க முடிந்தது. கிரஃபானாவின் சொந்த லொகினை மட்டும் நம்பியிருந்தால், அதன் அமைப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த நாளில் உதவியிருக்காது. தனி நெட்வேர்க்குக்குள் இருந்தவர்களுக்கு நிதானமாகப் புதுப்பிக்க நேரம் கிடைத்தது.

திறந்து கிடந்ததைக் கண்டுவிட்டால்

முதலில் மூடுங்கள். ஆனால் சேர்வரை அழித்துவிட வேண்டாம், பதிவுக் கோப்புகள் தேவை. அவற்றை வேறிடத்துக்குப் பிரதி எடுங்கள். அதன் பிறகு டாஷ்போர்ட் பாஸ்வேர்டை மட்டும் மாற்றி நிறுத்தாதீர்கள். அந்த டாஷ்போர்ட் தன் வயிற்றில் வைத்திருக்கும் சாவிகள்தான் பெரியவை: தரவுத்தளப் பாஸ்வேர்ட், ஏபிஐ சாவிகள், மின்னஞ்சல் அனுப்பும் கணக்கு, கிளவுட் சாவிகள். 2018 பெப்ரவரியில் வெளிவந்த டெஸ்லா சம்பவத்தில், பாஸ்வேர்ட் இல்லாமல் கிடந்த ஒரு குபர்நெட்டீஸ் (கொண்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) டாஷ்போர்ட் வழியாக உள்ளே போனவர்களுக்கு அங்கிருந்து அமேசான் கிளவுட் சாவிகள் கிடைத்தன. டெஸ்லாவின் சேர்வரில் கிரிப்டோ நாணயமும் தோண்டினார்கள்.

எல்லாச் சாவியையும் மாற்றுங்கள். பயனர் பட்டியலில் தெரியாத பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவுகளில் உங்களுடையதல்லாத முகவரிகளுக்கு 200 என்று பதில் போயிருக்கிறதா என்று தேடுங்கள். உதவி வேண்டுமென்றால் ஸ்ரீ லங்கா சேர்ட் இருக்கிறது, அது நாட்டின் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் அமைப்பு. வாடிக்கையாளர்களின் பெயரும் எண்ணும் இருந்தால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் நினைவில் வைத்து ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

நான் அன்று பதிவுகளைத் தேடியபோது, 3000ஆம் போர்ட்டைத் தட்டிப் பார்த்த தானியங்கிகள் சில இருந்தன. பாக்கிப் பட்டியலைத் தரும் பாதைக்கு யாரும் போகவில்லை. கடைக்குப் போய்ச் சித்தப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இப்ப பூட்டியாச்சோ?" என்று மட்டும் கேட்டார்.

இந்தச் சோதனையை ஒருமுறை செய்து விட்டுவிட முடியாது. ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு, டொக்கரின் அமைப்பை எழுதிவைக்கும் கம்போஸ் கோப்பில் ஒரு வரி மாறிய பிறகு, சேர்வர் மறுபடி எழுந்த பிறகு, பழைய போர்ட் வரியோடு ஒரு கொண்டெய்னர் திரும்பி வந்துவிடலாம். நான் மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை, வெள்ளவத்தையில் ரயில் ஏறியதும் போனை எடுத்து மூன்று முகவரிகளையும் தட்டிப் பார்க்கிறேன். மொபைல் டேட்டா, தனிப்பட்ட ஜன்னல், கொப்பியில் எழுதிய போர்ட்டுகள். கொம்பனித்தெரு வருவதற்குள் முடிந்துவிடும்.